கதவை அடைத்தால் விடுமுறையா?



"நாளைக்கு லீவு" என்று பள்ளிச் சிறுவனிடம் சொல்லிப் பாருங்கள், துள்ளிக் குதிப்பான். அதையே அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அடுப்பெரிக்கும் சித்தாளிடம் சொல்லிப் பாருங்கள், முகம் வாடும். சொல் ஒன்றுதான். சிறுவனுக்கு அது விளையாட்டு, சித்தாளுக்கு அது அரை வயிறு. சட்டக் கல்லூரி மாணவனாகிய நான் இந்த வேற்றுமை எங்கிருந்து வந்தது என்று சட்டப் புத்தகங்களைப் புரட்டினேன்.

முதலில் கிடைத்தது ஒரு வேடிக்கை. ஆண்டுதோறும் சர்க்கார் 'பொது விடுமுறை' என்று பட்டியல் வெளியிடுகிறதே, அது எந்தச் சட்டத்தின் பேரில்? தொழிலாளர் சட்டமல்ல. 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம்! உண்டியலுக்கும் பிராமிசரி நோட்டுக்கும் எழுதப்பட்ட சட்டம். பணம் கொடுக்கவேண்டிய கெடு விடுமுறை நாளில் விழுந்தால், அதற்கு முந்திய வேலை நாளே கெடு என்கிறது அதன் 25ஆவது பிரிவு. கடன் கொடுத்தவரின் கெடு குழம்பிவிடக் கூடாதே என்ற கவலையில் பிறந்தது நமது 'பொது' விடுமுறை. பாங்கி மூடும், ஆபீசு மூடும். மில் மூடவேண்டும் என்று அதில் ஒரு வரி உண்டா? கிடையாது.

அதே 1881இல்தான் இந்நாட்டின் முதல் தொழிற்சாலைச் சட்டமும் வந்தது. அதில் விடுமுறை யாருக்கு? ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பாலகர்களுக்கு, மாதத்துக்கு 4 நாள். பாலகன் மில்லுக்கு வருவதைச் சட்டம் தடுக்கவில்லை. நாலு நாள் வீட்டில் இருக்கச் சொன்னது! பெரியவர்களுக்கு அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் சங்கு ஊதியது.

ஞாயிறு ஓய்வு வெள்ளைக்காரன் மாதாகோயிலுக்குப் போவதற்காக வந்தது என்று பலர் சொல்வார்கள். ஆபீசுக்கு அது பொருந்தலாம். ஆலைக்கு வந்த வழி வேறு. ஜோதிராவ் பூலேயின் வழிவந்த நாராயண் மேகாஜி லோகண்டே, 1884இல் பம்பாய் மில் தொழிலாளரைத் திரட்டி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று மனுக் கொடுத்தார். 1890இல் பம்பாய் முதலாளிகள் இணங்கினார்கள். 1891இல் சட்டம் வந்தது. ஏழு ஆண்டுகள்! ஆனால் அந்தச் சட்டம் ஓய்வைத் தந்ததே தவிர, ஓய்வு நாளுக்குக் கூலியைத் தரவில்லை. கதவை அடைத்துவிட்டு "போய் ஓய்வெடு" என்றால், எதைத் தின்று ஓய்வெடுப்பது?

சென்னைக்கு வருவோம். 1923 மே முதல் நாள், இந்தியாவிலேயே முதன்முறையாக மே தினம் இங்கே கொண்டாடப்பட்டது. கூட்டங்கள் இரண்டு: ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில், மற்றொன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையில். கூட்டியவர் சிங்காரவேலர், வழக்கறிஞர் அங்கியைத் துறந்தவர். மே தினத்தை விடுமுறையாக்க வேண்டும் என்பது அன்றைய கோரிக்கைகளுள் ஒன்று. (கோடை முழுவதும் மூடிக் கிடக்கும் நீதிமன்றத்தின் முகத்துக்கு நேரே தொழிலாளி ஒரே ஒரு நாள் கேட்டான் என்பதை எண்ணி நான் சிரித்துக்கொள்வதுண்டு. உச்ச நீதிமன்றம் 2024இல் கோடை விடுமுறை என்ற பெயரையே எடுத்துவிட்டுப் 'பகுதி வேலை நாட்கள்' என்று வைத்துக்கொண்டது. பெயரில் என்ன இருக்கிறது!)

கூலியோடு விடுமுறை என்பதை இங்கே உறுதி செய்தது 1958ஆம் ஆண்டுச் சட்டம், தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம். சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு பண்டிகைக்கு ஐந்து நாள், ஆக ஒன்பது. ஒன்பதுக்கும் கூலி உண்டு. அன்று வேலை வாங்கினால் இரட்டைக் கூலி, அல்லது அன்றைய கூலியோடு கூலியுள்ள மாற்று விடுமுறை. தீபாவளியன்று வேலை செய்துவிட்டு ஒற்றைக் கூலியும் ஒரு பொட்டலம் மிட்டாயும் வாங்கி வருகிறோமே, மிட்டாய் எந்தப் பிரிவில் இருக்கிறது?

விடுமுறையைத் தூண்டிலாகப் போடுவதும் உண்டு. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, "நாலு நாள் உழைத்தால் மூன்று நாள் லீவு" என்று ஆசை காட்டினார்கள். அந்த மூன்றாவது நாளின் விலை யார் முதுகிலிருந்து பிடிக்கப்படும் என்பது சங்கங்களுக்குத் தெரிந்திருந்தது. எதிர்ப்புக் கிளம்பியது, அவ்வாண்டு மே தினத்தன்று மசோதா திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது.

அன்றாடக் கூலிக்காரனையும் நினைத்து எழுதிய விடுமுறை ஒன்று இருக்கிறது: வாக்களிக்கும் நாள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996இல் சேர்த்த 135பி பிரிவு, வேலைக்கு வராத நாளில் கூலி பெறாதவனுக்கும் அன்று கூலி கொடுத்தாகவேண்டும் என்கிறது. மீறும் முதலாளிக்கு அபராதம் எவ்வளவு? 500 ரூபாய் வரை! அவர் ஒரு வேளைக் காப்பி பலகாரச் செலவு. இருந்தாலும் வழி இருக்கிறது என்று தெரிகிறதல்லவா? ஓட்டு தேவைப்படும் நாளில் கூலியோடு விடுமுறை எழுத முடிந்தால், மற்ற நாளில் ஏன் முடியாது?

இன்று பண்டிகை வந்தால் நகரத்தில் மிகுதியாக ஓடுபவன் யார்? முதுகில் பெட்டியும் கையில் போனுமாக, வீட்டுக்கு வீடு பிரியாணி கொண்டுபோகும் இளைஞன். என் வகுப்புத் தோழர் ஒருவர் மாலையில் அந்த வேலைதான் பார்க்கிறார். ஊரார் விடுமுறைதான் அவருக்கு நெருக்கடி நாள். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இவர்களை வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே நிற்பவர்கள் என்கிறது. முதலாளியே இல்லையென்றால் விடுமுறையை யாரிடம் கேட்பது?

இவர்களுக்கென ஒரு நல வாரியம் அமைக்கப்படும் என்று தமிழக அரசு 2023 ஆகஸ்ட் 15இல் அறிவித்தது; வாரியமும் அமைந்தது. சங்கத் தோழர்கள் அந்த வாரியத்தின் மேசைமேல் வைக்கவேண்டிய மனு நீளமாக இருக்கவேண்டியதில்லை. 1958இன் ஒன்பது நாள், கூலியோடு. அந்த நாளில் வண்டி ஓட்டினால் இரட்டைக் கூலி.