மந்திரிக்குத் தெரிந்த ரகசியம்

சம்பளம் ஏறினால் நிம்மதியும் ஏறும் என்று நம்புகிறீர்களா? இல்லை என்றவர் சிவப்புச் சட்டைக்காரர் அல்ல சார். ஸ்வீடனின் பக்கா வலதுசாரி, மாடரேட் கட்சிப் பொருளாதார நிபுணர் ஸ்டாஃபன் லிண்டர்.

வருமானத்தில் ஒத்துப்போகும் நாடுகள்தான் ஒன்றோடொன்று அதிகம் வியாபாரம் செய்யும் என்று 1961-ல் எழுதிப் பெயர் வாங்கியவர். 1970-ல் ஆங்கிலத்தில் வந்த புத்தகத்தில்தான் குண்டைப் போட்டார். ஒரு மணி நேரக் கூலி கூடினால், சும்மா உட்காரும் ஒரு மணி நேரத்தின் விலையும் கூடிவிடும். வீட்டில் சாமான் குவியும். அனுபவிக்க, துடைத்து வைக்க நேரம் இருக்காது. காபி, சுருட்டு, பேப்பர், பாட்டு, பெண்டாட்டியோடு பேச்சு, எல்லாம் ஒரே சமயத்தில்!

இவ்வளவும் தெரிந்தவர் என்ன ஆனார்? 1976-78, மறுபடி 1979-81, வர்த்தக மந்திரி! சர்க்கரை வியாதி டாக்டர் ஸ்வீட் ஸ்டால் திறந்த மாதிரி.

அவரையாவது விடுங்கள், எழுதியாவது வைத்தார். வளர்ச்சி இத்தனை சதவீதம் என்று மார்தட்டுகிற மற்றவர்கள்? ஜனங்களுக்கு மூச்சுவிட எத்தனை மணி நேரம் மிச்சம் என்று எந்த பட்ஜெட்டிலாவது படித்திருக்கிறீர்களா? நான் படித்த பி.காம். லெட்ஜரிலும் அதற்கு ஒரு பக்கம் கிடையாது.