சிவக்காத தோலின் சேதி



மூக்கோரத்திலோ புருவத்திலோ தோல் லேசாக வெளுத்தால், நம் வீடுகளில் முதலில் எழும் பயம் வெண்படை. வரன் பார்க்கும் வீடென்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் பல நேரம் அது பொடுகின் முற்றிய வடிவம்தான். மருத்துவர்கள் இதை செபோரிக் டெர்மடைடிஸ் என்பார்கள்.

மலாசீஸியா என்ற ஈஸ்ட் பூஞ்சை எல்லோர் தோலிலும் குடியிருக்கிறது. தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசையை அது சிதைக்கும்போது உண்டாகும் கொழுப்பு அமிலங்கள் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. அரிப்பும் செதிலும் வருகின்றன. அழுக்கால் வருவதல்ல இது, தொற்றுநோயும் அல்ல.

வெள்ளைத் தோலில் இது சிவந்து தெரியும். மருத்துவப் புத்தகப் படங்களும் பெரும்பாலும் அதையே காட்டின. மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு சட்டென்று கண்ணில் படாது. திட்டு வெளிறியோ, கறுத்தோ இருக்கும். இந்தப் பாடக் குறையைக் கண்டுதான், லண்டன் செயின்ட் ஜார்ஜ் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் மலோன் முகுவெண்டே தன் ஆசிரியர்களோடு சேர்ந்து 2020-இல் 'மைண்ட் தி கேப்' என்ற கையேட்டைக் கொண்டுவந்தார். நோய்க்குறிகள் கறுப்பு, பழுப்புத் தோலில் எப்படித் தெரியும் என்று அது காட்டுகிறது.

வெண்படை பால்போல் வெளுத்திருக்கும்; செதில் உதிராது. பொடுகுத் திட்டோ மங்கலாக வெளிறி, மேலே பிசுபிசுப்பான செதிலோடு இருக்கும். சந்தேகம் என்றால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இரண்டு காரியம் வேண்டாம். ஒன்று, மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கிரீம். அரிப்பு சீக்கிரம் அடங்கும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து இன்னும் வெளுக்கும். இரண்டு, தலை வறண்டிருக்கிறது என்று இரவெல்லாம் எண்ணெயில் ஊறவிடுவது. பெரும்பாலான எண்ணெய்கள் அந்தப் பூஞ்சைக்குத் தீனி.

மருத்துவர் பெரும்பாலும் 2% கீட்டோகோனசோல் ஷாம்பூ எழுதித் தருவார். வாரம் இருமுறை, நுரையை 3 முதல் 5 நிமிடம் விட்டு அலசினால், சில வாரங்களில் அடங்கும். மன உளைச்சலிலும் குளிர் காலத்திலும் மறுபடி தலைகாட்டலாம், பதற வேண்டாம். செதில் போனாலும் நிறம் திரும்ப மாதங்கள்கூட ஆகலாம்.

அதுவரை, பார்க்கும்போதெல்லாம் "முகத்துல என்னம்மா?" என்று கேட்காமல் இருப்பது சுற்றியிருக்கும் நம் பொறுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்