குழந்தை பாஸ்போர்ட்டுக்கு ஏன் வருஷக் கணக்குல அதிகக் கட்டணம்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம் மக்களே.

கணவன், மனைவி, 10 வயசுப் பையன், 6 வயசுப் பொண்ணு, 65 வயசுப் பாட்டி. யாருக்கும் பாஸ்போர்ட் இல்லை. எல்லாருக்கும் புதுசா எடுக்கணும்.

பெரியவங்க ரெண்டு பேருக்கு (36 பக்கம்) தலா 1500 ரூபாய். பையனுக்கு 1000. 8 வயசுக்குக் கீழ, 60 வயசுக்கு மேல இருக்கவங்களுக்கு 10% தள்ளுபடி உண்டு. அதனால பொண்ணுக்கு 900, பாட்டிக்கு 1350.

மொத்தம் 6250 ரூபாய்.

அவசரம்னு தட்கல்ல போட்டா ஆளுக்கு 2000 கூடுதல். அஞ்சு பேருக்கு இன்னொரு 10,000.

"வெளிநாட்டு டூர் போறவங்களுக்கு இதெல்லாம் ஒரு காசா டாக்டர்?"னு கேட்கலாம்.

அரசு மருத்துவமனை ஓபியில உட்கார்ந்து பார்த்தா தெரியும், பாஸ்போர்ட் டூருக்கு மட்டும் இல்லைன்னு.

மகள் சிங்கப்பூர்ல நிறைமாசம். துணைக்கு அம்மா போகணும்.
மகன் வளைகுடாவுல வேலை செய்ற இடத்துல அடிபட்டு ஐசியூவுல கிடக்கிறார். இங்க அப்பாவுக்கு பாஸ்போர்ட்டே இல்லை. பிரஷர் எகிறி நம்மகிட்ட வர்றார். மாத்திரை எழுதித் தரலாம். அவருக்கு வேண்டியது அது இல்லையே!

முன்னாடியே எடுத்து வைக்காததுக்கு சோம்பேறித்தனம் காரணம் இல்லை. நான் பார்க்கிற காரணங்கள் மூணு.

1) குழந்தைக் கட்டணம்

பெரியவங்க பாஸ்போர்ட் 10 வருஷம் செல்லும். வருஷத்துக்கு 150 ரூபாய்.
குழந்தை பாஸ்போர்ட் 5 வருஷம்தான். வருஷத்துக்கு 200 ரூபாய். தள்ளுபடி போனாலும் 180.
பல நாடுகள் குறைஞ்சது 6 மாசம் செல்லுபடி பாக்கி இருக்கணும்னு கேக்குது. அப்போ நடைமுறையில நாலரை வருஷம்தான்.
குழந்தை முகம் மாறும், 5 வருஷம்னு வெச்சது நியாயம். ஆனா காலம் பாதின்னா கட்டணமும் பாதியா, 750 ரூபாயா, இருக்க வேண்டாமா?

2) பெயர்

விண்ணப்பத்துல இனிஷியல் செல்லாது, விரிச்சு எழுதணும். நமக்கு சர்நேம் கிடையாது. ஆதார்ல ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழ்ல ஒரு மாதிரி. சர்நேம் கட்டத்தைக் காலியா விட்டா ஒத்தைப் பெயர் மட்டும் நிக்கும், சில நாட்டு விசாவுக்கு அது சிக்கல். இந்தத் திருத்தத்துக்கு அலையறதுதான் பெரிய செலவு.

3) கூலி

சேவா கேந்திரத்துக்கு ஒரு நாள். போலீஸ் சரிபார்ப்புக்கு வீட்டுல இருக்க இன்னொரு நாள். தினக்கூலிக்காரருக்கு இதுவும் பாஸ்போர்ட் கட்டணம்தான்.

இதுக்கு மேல, தேவையில்லாத பயங்களை வெச்சு இடைத்தரகர்கள் காசு பார்க்கிறாங்க. அதனால தெரிஞ்சுக்கோங்க:

- ஜெராக்ஸ்ல பச்சை மை கையெழுத்து கேட்டு எங்க ஓபியில வரிசையில நிக்க வேண்டாம். ஒரிஜினலும், நீங்களே கையெழுத்துப் போட்ட நகலும் போதும்.
- 2016 டிசம்பர்ல விதி மாறிடுச்சு. திருமணச் சான்றிதழ் கட்டாயம் இல்லை. இணைப்புகளுக்கு நோட்டரியும் வேண்டாம், வெள்ளைத் தாள்ல சுய உறுதிமொழி போதும்.
- கணவர் விட்டுட்டுப் போயிட்டாரா? அவர் சம்மதம் இல்லாமலும் குழந்தைக்கு விண்ணப்பிக்கலாம். இணைப்பு 'சி' அதுக்குத்தான் இருக்கு.
- இணையத்துல போலித் தளங்கள் நிறைய. முகவரி கவ்.இன் என்று முடியுதான்னு பார்த்துட்டுப் பணம் கட்டுங்க.

அரசுக்கு என் கோரிக்கை ரெண்டு. குழந்தைக் கட்டணத்தை 750 ஆக்குங்க. விண்ணப்பப் படிவத்துல தமிழ்ப் பெயர் முறைக்கு ஒரு வழி பண்ணுங்க.

உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. தடுப்பூசியை நோய் வந்த அப்புறம் போடுறதில்லை. பிள்ளை வெளிநாட்டுல இருந்தா, ஊர்ல இருக்க அப்பா அம்மாவுக்கு இந்த மாசமே விண்ணப்பிச்சிடுங்க.