எட்ட நின்று காணல்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல்லுக்குச் செல்லும் சாலை, பென்னாகரத்தைக் கடந்தபின் காட்டினுள் புகுந்து காவிரியை நோக்கி வளைந்து வளைந்து இறங்குகின்றது. கோடையில் மேட்டு நிலத்துக் குட்டைகள் வற்றிவிடும். அப்போது யானைகள் நீர்வேட்கையால் ஆற்றை நாடி இச்சாலையைக் கடக்கும். சில வேளைகளில் சாலையோரத்திலேயே நின்று தழை ஒடித்துத் தின்னும். அருவி காணச் செல்வோர்க்கு இது எதிர்பாராத பெருங்காட்சி.

2023ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்ஙனம் சாலையோரம் நின்ற யானை ஒன்றின் அண்மையில் ஒருவர் சென்றார். சென்றவர் அதன் முகத்துக்கு நேரே இரு கைகளையும் உயர்த்தி வணங்கியும் நின்றார். யானை பின்வாங்கிற்று; அமைதி இழந்து அசைந்தது; ஆயினும் தாக்கவில்லை. உடன் வந்தோர் இதனைக் கைப்பேசியில் படமாக எடுத்தனர். அப்படம் இரண்டொரு நாளில் நாடெங்கும் பரவிற்று. வனத்துறையினர் அம்மனிதரைக் கண்டறிந்து 10,000 ரூபாய் தண்டம் விதித்தனர்.

தண்டம் விதித்தது முறையே. எனினும் அத்துடன் வழக்கு முடிந்துவிட்டதாகக் கொள்ளல் ஆகாது. யானையின் முன் நின்றவர் ஒருவர். அதனைப் படமாக்கியோர் சிலர். பார்த்து நகைத்துப் பிறர்க்கும் அனுப்பியோர் பல்லாயிரவர். காண்பார் கூடாத களத்தில் கூத்தன் ஆடுவதில்லை. கையில் படக்கருவி இருப்பதனாலேயே விலங்கின் அருகில் செல்லும் உரிமை தமக்கு வந்துவிட்டது என்று மக்கள் எண்ணத் தொடங்கியுள்ளனர். இவ்வெண்ணமே இந்நிகழ்ச்சியின் வேர். அவ்வேரைத் தண்டம் அறுக்கவில்லை.

யானையின் இயல்பை அறிந்தவர் இதன் கொடுமையை உணர்வர். யானைக்குக் கண்பார்வை மிகுதியாக இல்லை. மோப்பமும் செவியுமே அதன் காவல். நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தழையும் புல்லும் தின்ன வேண்டியிருப்பதால், பகலிலும் இரவிலுமாகப் பெரும்பொழுதை அது உண்பதிலேயே கழிக்கின்றது. நீர்த்துறையை நாடிவரும் கூட்டத்தை வண்டிகள் மறித்தால், அக்கூட்டம் நீர் பருகாமலே காட்டுக்குத் திரும்பலாம். கன்று உடன் இருப்பின் தாய்க்கு அச்சம் மிகும். செவிகளை அகல விரித்தலும், துதிக்கையைச் சுருட்டுதலும், காலால் மண்ணைக் கிளறுதலும் அதன் எச்சரிக்கைகள். படம் எடுப்போர் பலர் இவற்றை யானை தமக்காக ஆடிக் காட்டும் ஆட்டம் என்று எண்ணி மகிழ்கின்றனர். அன்று அந்த யானை பொறுத்தது. எல்லா யானையும் எந்நாளும் பொறுக்கும் என்பதற்கு யார் பிணை?

படக்கருவியே தீது என்று கூறுவதும் பிழையாகும். ஒரு காலத்தில் இக்காடுகளுக்குள் பொழுதுபோக்கிற்காகப் புகுந்தோர் துப்பாக்கியுடன் புகுந்தனர். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் என்ற வேட்டைக்காரர் எழுதிய நூல்களில் பென்னாகரமும் அஞ்செட்டியும் அவற்றைச் சூழ்ந்த காடுகளும் இடம் பெறுகின்றன. 1972ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. துப்பாக்கி தாழ்ந்தது, படக்கருவி உயர்ந்தது. விலங்கும் உயிரோடு இருக்கும். கண்டவனுக்கும் நினைவுப்பொருள் கிடைக்கும். இதனினும் நல்ல மாற்றம் வேறு உண்டோ?

ஆயினும் சொல் மாறவில்லை. துப்பாக்கியால் சுடுவதற்கும் கருவியால் படம் எடுப்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே வினைச்சொல் வழங்குகின்றது. தமிழிலும் படம் ‘பிடித்தல்’ என்கிறோம். பிடி என்பது பெண்யானையின் பெயராகவும் இருத்தலின், பிடியைப் பிடித்தோம் என்று விளையாட்டாகச் சொல்லிக்கொள்ள அது உதவலாம். வேட்டையின் மனம் சொல்லில் மட்டும் தங்கியிருந்தால் கேடில்லை. காலிலும் கையிலும் தங்கியிருப்பதே கேடு.

உலகில் காட்டுவிலங்கு காண விரும்புவோர் முதலில் நினைப்பது ஆப்பிரிக்கக் கண்டத்தையே. ‘சஃபாரி’ என்னும் சொல்லே அங்குள்ள சுவாகிலி மொழியினது. பயணம் என்பது அதன் பொருள். கென்யா நாடு 1977ஆம் ஆண்டிலேயே வேட்டையைத் தடை செய்தது. அந்நாட்டின் மாசாய் மாரா புல்வெளிக்கு இன்று உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் படக்கருவிகளுடன் செல்கின்றனர். அங்கே சிவிங்கிப்புலி வாழ்கின்றது. (நம் காட்டுச் சிறுத்தை வேறு, சிவிங்கி வேறு. இரண்டையும் ஒன்றாக எழுதுவோர் உளர்.) சிவிங்கி பெரும்பாலும் பகலில் வேட்டையாடுவது, ஆகவே காண வருவோர்க்கு எளிதில் அகப்படுவது.

அங்கே சிவிங்கிகளை ஆராய்ந்தோர் 2018ஆம் ஆண்டில் ஒரு செய்தியை வெளியிட்டனர். வண்டிகள் குறைவாகச் செல்லும் பகுதிகளில் தாய்ச் சிவிங்கி ஈற்றுக்குச் சராசரியாக இரண்டு குட்டிகளுக்கு மேல் வளர்த்து ஆளாக்குகின்றது. வண்டிகள் மிகுந்த பகுதிகளிலோ ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டி தேறுவதே அரிது. அங்கே ஒருவரும் துப்பாக்கி எடுக்கவில்லை, ஒருவரும் கல்லெறியவில்லை. சிவிங்கியை விரும்பி வந்தவர்களே சுற்றி நின்றனர். தாய் இரையை நெருங்கும் நேரத்தில் வண்டிகள் சூழ்ந்தால் இரை வெருண்டு ஓடும், வேட்டை தவறும். தாய் பட்டினி கிடந்தால் குட்டி என்னாகும்? அன்பு செய்வோர் கூட்டமும் ஓர் உயிரின் குடியைக் கெடுக்கும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

அங்ஙனமாயின் படம் எடுப்பது எவ்வாறு? எடுத்துக் காட்டியோர் உண்டு. சாம்பியன் என்னும் ஆங்கிலேய வன அதிகாரி, இமயமலையின் அடிவாரக் காடுகளில் புலி நடக்கும் தடத்தில் மெல்லிய கம்பி ஒன்றைக் கட்டினார். புலி வந்து கம்பியை மிதிக்கும். கருவி தானே படம் எடுக்கும். எடுத்தவர் அவ்விடத்தில் இரார். அப்படங்கள் அடங்கிய அவருடைய நூல் 1927ஆம் ஆண்டில் வெளிவந்தது. இன்று வனத்துறையினர் மரங்களில் கட்டும் தானியங்கிக் கருவிகளுக்கு அதுவே முன்னோடி. ஒரு புலியின் வரி மற்றொரு புலிக்கு இராது; ஆகவே அப்படங்களைக் கொண்டே புலிகளை எண்ணுகின்றனர்.

நம் தமிழர் மா. கிருஷ்ணன் (1912–1996) மற்றொரு வழி கண்டார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தராகிய அவர், பல உறுப்புகளைத் தாமே இணைத்து அமைத்த கருவியைக் கொண்டு கருப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். முதுமலைக் காட்டில் பழக்கிய யானையின் மீது அமர்ந்து சென்று, காட்டுயானைகள் மேய்வதையும் நீராடுவதையும் படமாக்கினார். அவர் காட்டில் கழித்த பொழுது மிகுதி. கொண்டு வந்த படம் அதற்கு முன் சிறிது. இன்றைய கைப்பேசிக்காரருக்கோ கணக்கு தலைகீழ். பத்து நிமிடம் நிற்பர். நூறு படம் எடுப்பர். யானையின் வாலில் மயிர் உண்டா என்று கேட்டால் கைப்பேசியைத் திறந்து தேடுவர்.

பழந்தமிழர் நன்றாகக் கண்டனர். தொல்காப்பியத்தின் மரபியல், எவ்விலங்கின் இளமைக்கு எப்பெயர் உரியது என்று வகுத்துரைக்கின்றது. புலிக்குக் குருளை, மானுக்கு மறி, யானைக்குக் கன்றும் குழவியும் உரியன. கண்டு கண்டு பழகாத மக்களிடத்தில் இத்தனை பெயர் பிறவா.

தருமபுரி மாவட்டத்து மாணவர் யானை ஒன்றையே காடு என்று கருதிவிடுகின்றனர். அது குறையே. காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்றது; தருமபுரி, கிருட்டிணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும் 504 சதுர கிலோமீட்டர் பரந்துள்ளது. ஆற்றங்கரையின் உயர்ந்த மரங்களில் நரைத்த மேனியும் நீண்ட வாலும் உடைய மலையணில் வாழ்கின்றது. இது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அன்றி வேறெங்கும் இல்லாத இனம். காவிரியில் நீர்நாய்கள் கூட்டமாக மீன் பிடிக்கும். பாறைமீது முதலை வாய் திறந்து வெயில் காயும். நான்கு கொம்பு உடைய மான் புதரிடைத் தோன்றி மறையும். இவை அனைத்தும் அசையாதிருப்பார்க்கே புலப்படும். ஓசையிட்டுத் துரத்துவார்க்கு மரமும் பாறையுமே மிஞ்சும்.

நல்ல படம் செய்யும் தொண்டும் பெரிது. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளியை அடுத்த ஒரு விளைநிலத்தில், முறைகேடாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் சிக்கி மூன்று பெண்யானைகள் மாண்டன. இரு கன்றுகள் பிழைத்தன. தாயரின் உடல்களை விட்டு அகலாது நின்ற அக்கன்றுகளின் காட்சி கண்டோர் நெஞ்சைச் சுட்டது. மின்வேலியின் கொடுமையை எந்த அறிக்கையும் அவ்வளவு விரைவில் மக்களுக்கு உணர்த்தியிராது.

முதுமலை யானைப் பாகர் பொம்மன், பெள்ளி ஆகியோரைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கார் பரிசு பெற்றதும் அதே மாதத்தில்தான். பரிசுச் செய்தி வந்த நாள்களில் பொம்மன், தாயை இழந்த கன்றுகளுக்கு உதவத் தருமபுரிக் காடுகளுக்கு வந்திருந்தார். பென்னாகரம் பகுதியில் கூட்டத்தைப் பிரிந்த வேறொரு கன்றும் கிடைத்தது. அதனைத் தாயோடு சேர்க்கும் முயற்சி பலிக்கவில்லை. முதுமலைக்குக் கொண்டு சென்று பேணியும் அது அம்மாத இறுதிக்குள் இறந்தது. யானைக்கன்றைத் தழுவி வளர்க்கும் படத்தைக் கண்டு தாமும் தழுவ விரும்புவோர், அத்தொழிலில் தேர்ந்த கைகளிலும் கன்று பிழைப்பது அரிது என்பதை அறிதல் வேண்டும். வேறு வழி அற்றபோதுதான் பாகர் கன்றைக் கையேற்கின்றார். காட்டின் ஓரத்தில் தனித்த கன்றைக் கண்டு படம் எடுக்கக் கூடுவோர், அதனைத் தேடிவரும் தாயின் வழியையே அடைத்து நிற்கின்றனர்.

சட்டமும் இதில் தெளிவாகவே உள்ளது. சரணாலயத்தில் நுழைவதற்கு இசைவு வழங்கத்தக்க காரணங்களுள் படம் எடுத்தலும் ஒன்று என 1972ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. அச்சட்டமே அங்குள்ள விலங்கைச் சீண்டுதலையும் துன்புறுத்துதலையும் விலக்குகின்றது. படம் எடுக்க இசைந்த சட்டம் அதனை எடுக்கும் முறையையும் காட்டுகின்றது.

ஒகேனக்கல் சாலையில் மாலைப்பொழுதில் யானை குறுக்கிடும்போது, பழகிய ஓட்டுநர் வண்டியைத் தொலைவிலேயே நிறுத்துவார், ஒலிப்பானைத் தொடமாட்டார், ஒருவரையும் இறங்க விடமாட்டார். உள்ளிருப்போர் சன்னல் வழியே காண்பர். விரும்பினால் இருந்த இடத்திலிருந்தே படமும் எடுக்கலாம். உருவம் சிறிதாகத்தான் விழும். மரமும் சாலையும் மங்கிய ஒளியுமே படத்தில் பெரும்பகுதியாக இருக்கும். யானை தழையை ஒடித்து மென்று, கன்றை முன்னே விட்டு, தான் விரும்பிய நேரத்தில் ஆற்றை நோக்கி இறங்கும். கடைசி யானையும் புதருள் மறையும் வரை வண்டி அங்கேயே நிற்கும்.