மரத்தை மட்டும் கும்பிட்டோம்

வேதபுரீசுவரர் கோயிலின் தலமரம் வெள்வேலம். நான்கு வேதங்களும் வேல மரங்களாய் நின்று சிவனை வழிபட்டன என்கிறது தலபுராணம். திருவேற்காட்டுக்காரர்களான நாம் அந்த மரத்தைச் சுற்றி வந்து கும்பிடுகிறோம். அது எந்தக் காட்டு மரம், அதன் காலடியில் வேறு என்னென்ன வளர்ந்தன என்று நம் பிள்ளைகளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல நமக்கே தெரியாமல் போய்விட்டது.

கூவத்தை ஒட்டிய தரை இது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கும். சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும். வெள்ளத்தையும் வறட்சியையும் ஒரே ஆண்டில் தாங்குகிற செடிகள்தான் இப்படிப்பட்ட மண்ணில் கூடி வாழும். வெள்வேலத்தின் இலைகள் பொடிப்பொடியானவை. குடைபோல விரிந்தாலும் அது வெயிலைத் தடுப்பதில்லை. தரைவரை இறங்க விடும். அந்த வெயிலை நம்பித்தான் கீழே ஒரு உலகம். சூரையும் சங்கமுள்ளும் காரையும் புதராக நிற்கும், பிரண்டை அவற்றின்மேல் ஏறும். மழை ஓய்ந்ததும் புல்லுக்கு நடுவே விஷ்ணுகிராந்தி நீலமாகப் பூக்கும். தும்பையும் நெருஞ்சிலும் அதோடு சேரும். பள்ளத்தில் கோரை, நீர்முள்ளி, கரிசலாங்கண்ணி, வல்லாரை. இத்தனையும் சேர்ந்ததுதான் வேலங்காடு. நாமோ மரத்தை மட்டும் காடு என்று எண்ணிவிட்டோம்.

இந்தத் தவறு உலகின் மறுகோடியிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் தென்கிழக்குச் சமவெளியில் நீளிலைப் பைன் காடுகள் இருக்கின்றன. பல இடங்களில் ஈர மண். ஆனாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு தரையாகத் தீ ஓடும். தடித்த பட்டை பைனைக் காக்கும். புல்லும் பூண்டும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். அண்ணாந்து பார்த்தால் ஒரே பைன். குனிந்து பார்த்தால், நல்ல இடங்களில் ஒரு சதுர மீட்டருக்குள் 40 வகைக்கும் மேல் செடிகள். ஈரமான இடங்களில் பூச்சி தின்னும் குடுவைச் செடிகளும் உண்டு. காட்டைக் காப்பதாக நினைத்துத் தீயை அணைத்துக்கொண்டே வந்தார்கள். புதர் மூடியது, வெயில் நின்றது, தரைச்செடிகள் மடிந்தன. மரம் வெட்டியதும் உழுததும் சேர்ந்து, ஏறத்தாழ 9 கோடி ஏக்கராக இருந்த அந்தக் காட்டில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட எஞ்சவில்லை. இப்போது அங்கே பார்த்துப் பார்த்துத் தீ வைத்து அதை மீட்கிறார்கள்.

நம் பழனி மலையில் நேர்மாறாக, புல்வெளியை வீண் நிலம் என்று எண்ணிப் பைனையும் சீகையையும் யூகலிப்டஸையும் நட்டார்கள். 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டபோது அங்கே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போயிருந்தது.

திருவேற்காட்டில் நாம் செய்தது இன்னும் எளிது. மேய்ச்சல் நிலத்தைப் புறம்போக்கு என்றோம், இடித்த வீட்டின் செங்கல்லையும் சிமெண்டையும் அதில் கொட்டினோம். சீமைக்கருவேலம் ஏறியபோது, ஏதோ பச்சையாக இருக்கிறதே என்று விட்டுவிட்டோம். கோடையில் நாம் வைக்கிற தீ எதையும் துளிர்க்க வைப்பதில்லை. பிளாஸ்டிக் குப்பையோடு விதையையும் எரிக்கிறது. மீந்திருந்த முள்புதரைப் பாம்புக்குப் பயந்து ஜேசிபி வைத்து அள்ளச் சொல்லி மனு கொடுத்தவர்களும் நாம்தான். கருமாரியம்மன் சன்னதியில் நாகத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் அந்த மனுவில் கையெழுத்துப் போட்டோம். அப்புறம் அதே இடத்தில் குழி தோண்டி, கூண்டு வைத்து, மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டோம்.

காங்கேயத்தில் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்தைப் பார்க்கும்போது நமக்கு வலிக்க வேண்டும். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேலம். மாடும் ஆடும் காயைத் தின்று சாணத்திலும் புழுக்கையிலும் விதையைப் பரப்புகின்றன. ஒரு பட்டியை மேய்த்து, அடுத்ததை ஆற விடுகிறார்கள். இதைச் செய்கிறவர்கள் விவசாயிகள். மாட்டுக்கு அந்தப் புல் வேண்டும், அதனால் அந்தக் காடு இருக்கிறது. நம் ஊரில் மாட்டைக் கைவிட்டபோது புல்லைப் பற்றிய அறிவையும் சேர்த்துக் கைவிட்டோம்.

சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் பூக்கும் செடிகளை மயூரநாதன் என்பவர் தொகுத்தார். அரசு அருங்காட்சியகம் அதை 1929லேயே நூலாக வெளியிட்டது. இவ்வளவு காலமாக அந்த நூல் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, நம் தெருக்கோடியில் இன்னும் கட்டடம் எழாத மனையில் எது மிச்சம், எது போய்விட்டது என்று ஒரு மழைக்காலத்தில் குனிந்து எண்ணிப் பார்த்திருக்கலாம். பாட்டிமார் உயிரோடிருந்தபோது பெயர்களையாவது கேட்டு எழுதியிருக்கலாம். நாம் செய்யவில்லை. அந்த மனைகளிலும் இப்போது எல்லைக்கல் நட்டாயிற்று.