மானியத்தில் விளையும் நீதி

அண்மையில் நடந்த கருத்தரங்கு ஒன்றில், பன்னாட்டு நிதி ஸ்தாபனத்தின் பிரதிநிதியாக வந்திருந்த கனவான் ஒருவர், மானியம் மட்டும் வற்றிவிட்டால் இந்நாட்டில் நல்லாட்சியும் நீதியும் தழைக்க வழியே இல்லையென்று வெகு பரிவோடு பிரசங்கம் செய்ய, சபையிலிருந்த தொண்டு நிறுவனத்தார் அத்தனை பேரும் அதை வேதவாக்காகக் கொண்டு கரகோஷம் எழுப்பியதில் எனக்கு உண்டான எரிச்சல் இன்னும் அடங்கியபாடில்லை. நாலு பேர் கூடி ஊராட்சிக் கணக்கைக் கேட்கலாமென்று யோசித்தால், ஐந்தாவது ஆசாமி வந்து, முதலில் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள், பிறகு புராஜெக்ட் எழுதிப் போடுங்கள் என்று புத்தி சொல்லுகிற காலமல்லவா இது!

இவர்களை நான் கேட்பது ஒன்றுதான்: ராஜஸ்தானத்துத் தேவ்டுங்ரிக்கு மானியம் கொடுத்த புண்ணியவான் யார்? 1975-இல் ஐ.ஏ.எஸ். உத்தியோகத்தை உதறிய அருணா ராயும், நிகில் தேயும், சங்கர் சிங்கும் 1987-இல் அக்கிராமத்து மண்வீடொன்றில் குடியேறி, கூலிக்காரரும் குடியானவரும் சேர்ந்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கடனை 1990 மே தினத்தன்று ஆரம்பித்தபோது, அயல்நாட்டுப் பணமும் ஸ்தாபன நிதியும் வேண்டாமென்று விலக்கி, சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியையே முழுநேர ஊழியர்களுக்கு ஊதியமாக வைத்துக்கொண்டார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானாவில் தொடங்கிய அவர்களுடைய பொது விசாரணைகளில், சர்க்கார் வேலைகளின் கூலிப் பதிவேடான மஸ்டர் ரோலில் உள்ள பெயர்களை ஒருவர் உரக்க வாசிக்க, பெயருக்குரியவரே எழுந்து, "அந்த வேலைக்கு நான் போனதே கிடையாது" என்று ஊரறியச் சொன்னாரே, அந்த ஒரு வாக்கியத்தை உண்டாக்க எத்தனை டாலர் தேவைப்பட்டது? 1996-இல் பியாவர் நகரத்துச் சாங் கேட்டில், கணக்குகளைப் பார்க்கும் உரிமை கேட்டு நாற்பது நாள் தர்ணா நடந்தபோது கிராமத்து ஜனங்கள் தானியம் கொடுத்தார்கள், கடைத்தெருக்காரர்கள் காய்கறி கொடுத்தார்கள். அடுப்பும் எரிந்தது, போராட்டமும் நடந்தது. அந்தக் கிளர்ச்சியின் வழியில் வந்ததே 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். (தமிழ்நாட்டுச் சட்டசபை 1997-லேயே தகவல் சட்டமொன்றை இயற்றி நாட்டுக்கே முன்னோடியாயிற்று; ஆனால் ஜனங்கள் கேட்டுப் பெறாத அந்தச் சட்டத்தில் உரிமையைவிட விதிவிலக்குகளே விஸ்தாரம்.)

மானியத்தின் நீதியோ மூன்றாண்டுத் திட்டமாகப் பிறந்து, காலாண்டுத் தவணைகளில் வளர்ந்து, நிதியாண்டின் முடிவில் பெயர்ப்பலகையோடு கழற்றப்படுகிறது. நட்சத்திர ஹோட்டலின் குளிர்சாதன அறையில் பேனர் கட்டி, துணிப்பையும் குறிப்பேடும் பேனாவும் விநியோகித்து, ஏழைகளின் உரிமை குறித்து அந்த ஏழைகளுக்கு விளங்காத ஆங்கிலத்தில் பேசி, மதியம் பஃபேக்கு முன்னால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தப் பதிவேட்டைத் தேவ்டுங்ரிக்காரர்கள் கையில் கொடுத்து, பொது விசாரணையில் உரக்க வாசிக்கச் சொன்னால் எத்தனை பேர் எழுந்து என்ன சொல்வார்களோ!

இதைச் சொன்னால் சர்க்கார் பக்கம் பேசுகிறேன் என்பார்கள். சர்க்காரின் யோக்கியதையும் தெரிந்ததே. 1976-இல் நெருக்கடிநிலையின் நடுவே பிறந்து, 2010-இல் மறுபிறப்பெடுத்த அயல்நாட்டு நன்கொடைச் சட்டம், 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, எந்தக் குக்கிராமத்துச் சங்கமானாலும் டெல்லியிலுள்ள ஒரே ஒரு ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் பணத்தைப் பெறவேண்டும் என்கிறது. நிர்வாகச் செலவு இருபது சதவீதத்தைத் தாண்டலாகாது என்கிறது. இத்தனை தேசபக்தியும், 2018-இல் அரசியல் கட்சிகளுக்காக அதே சட்டத்தை 1976 முதலே பின்தேதியிட்டுத் தளர்த்தியபோது எங்கே போயிற்று? கட்சிக்கு வந்தால் நன்கொடை, சங்கத்துக்கு வந்தால் சதி!

ஆனாலும் கனவானுடைய கூற்று பிழையே; தேவ்டுங்ரியில் அது 1990-லேயே பொய்த்துப் போயிற்று. வாசகரே, அடுத்த அக்டோபர் 2-ஆம் தேதி உங்கள் ஊர்க் கிராமசபைக்குப் போய், வரவு செலவுக் கணக்கை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அதற்கு எந்தப் புராஜெக்டும் எழுதிப் போடவேண்டியதில்லை.