வெயில் படாத துணி

பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் மண்டபம் பிடிக்கிறோம். தட்டு வரிசை, தாய்மாமன் சீர், புகைப்படக்காரர், அழைப்பிதழ் என்று ஊருக்கே சொல்கிறோம். அப்படிச் சொன்ன விஷயத்தை அடுத்த மாதத்திலிருந்து பக்கத்து அறைக்குக்கூடத் தெரியாமல் மறைக்கச் சொல்வதும் நாம்தான். அந்த மறைப்பைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். எழுபதைத் தாண்டியவளுக்கு இனி என்ன கூச்சம்?

மறைத்துப் பேச எல்லா மொழியிலும் வழி உண்டு. நம் வீடுகளில் 'தூரம்', 'வீட்டு விலக்கு', 'காக்கா தொட்டுவிட்டது' என்போம். நான் பிரெஞ்சு வழியில் படித்தவள். 'ஆங்கிலேயர்கள் கரையிறங்கிவிட்டார்கள்' என்று பிரெஞ்சிலும் ஒரு பேச்சு உண்டு. ஆங்கிலேயச் சிப்பாய்களின் சிவப்புச் சட்டையை வைத்து வந்தது. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துக் கோட்டையை இடித்த கதை தெரிந்த நமக்கு அந்தக் கேலி சட்டென்று புரியும். சொல்லை மறைப்பதால் யாருக்கும் நோய் வராது. துணியை மறைத்ததுதான் வினையாயிற்று.

எங்கள் காலத்தில் பழைய புடவை, பழைய வேட்டிதான். பருத்தித் துணியின் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அதைத் துவைத்து எங்கே காயப்போட்டோம்? குளியலறைக் கதவுக்குப் பின்னால், பாவாடைக்கு அடியில், கட்டிலுக்குக் கீழே. வெயில் படாமல், ஈரம் போகாமல் அதையே மறுபடி கட்டினோம். அரிப்பு, புண், நாற்றம் எல்லாவற்றையும் பெண் ஜென்மத்தின் தலையெழுத்து என்று பொறுத்துக்கொண்டோம்.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், நாட்டில் 15 முதல் 24 வயதுள்ள பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் துணியும் பயன்படுத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். துணி கெட்டது என்று அவர்களைப் பயமுறுத்துவது வீண். நம் பக்கத்து ஆரோவில்லிலேயே 2010 முதல் 'எக்கோஃபெம்' என்ற பெயரில் துவைத்துப் பயன்படுத்தும் துணிப் பேடு தைத்து விற்கிறார்கள். விதி எளியது: முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும், சுடுநீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். பிறகு சோப்புப் போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் மொறமொறவென்று காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயில் இல்லாவிட்டால் இஸ்திரி போடலாம். ஒருவர் துணியை மற்றவர் எடுக்கக்கூடாது.

நாப்கின் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் தப்புக் கணக்குதான். அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் நிரம்பவில்லை என்று நினைத்து, காலையில் பள்ளிக்கூடம் போன பிள்ளை மாலைவரை ஒன்றையே வைத்திருக்கிறாள். குறைவாகப் பட்டாலும் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். வாசனை சேர்த்த வகை சிலருக்கு எரிச்சல் தரும், அது தேவையே இல்லை. 2018 ஜூலையில் நாப்கின் மீதிருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி. வரியை நீக்கினார்கள். 2019 ஆகஸ்டில் மக்கள் மருந்தகங்களில் 'சுவிதா' நாப்கின் விலையை ஒன்றுக்கு ஒரு ரூபாய் ஆக்கினார்கள். ஆகவே காசை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை.

மாற்றுவதற்கு இடம் வேண்டுமே! நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் பெண்கள் கழிப்பறையில் மூடியுள்ள குப்பைக்கூடை ஒன்று கேட்டு மனுப் போட யாரும் முன்வரவில்லை. கோப்பில் 'காரணம்' என்று ஒரு பத்தி இருக்குமே, அதில் என்ன எழுதுவது? வெட்கம் அப்படி ஒரு கூடையைத் தடுத்தது. இன்றும் சில வீடுகளில் கூடை இல்லாமல் நாப்கினைக் கழிப்பறையில் போட்டு அடைத்துக்கொள்கிறார்கள். காகிதத்தில் நன்றாகச் சுற்றித் தனியாகக் குப்பை எடுப்பவரிடம் கொடுக்க வேண்டும். அதை வெறும் கையால் பிரிக்க நேரும் துப்புரவுத் தொழிலாளியை நினைத்தாவது செய்யலாம்.

இப்போது பேத்திகள் கப் என்கிறார்கள். 2022-இல் எர்ணாகுளம் பக்கத்துக் கும்பளங்கியில் ஊர்ப் பெண்களுக்குக் கப் கொடுத்து, நாப்கின் இல்லாத கிராமம் என்று அறிவித்தார்கள். மருத்துவத் தரச் சிலிக்கானில் செய்த கப் பல ஆண்டு உழைக்கும். ஒவ்வொரு மாதமும் போடும் முன் ஐந்து நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். அதிகம் போனால் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துக் கொட்டிக் கழுவ வேண்டும். காப்பர்-டி போட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கப் வைக்கக்கூடாது. டாம்பான் என்றால் எட்டு மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. அந்த நாட்களில் திடீர்க் காய்ச்சல், வாந்தி, தலைசுற்றல், உடம்பில் தடிப்பு வந்தால் உடனே வெளியே எடுத்துவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

'கல்யாணமாகாத பெண் அதையெல்லாம் உள்ளே வைப்பதா?' என்று கேட்கும் பாட்டிகளைத் தெரியும். கன்னித்தன்மையைக் காட்டும் பரிசோதனை என்று மருத்துவத்தில் ஒன்று கிடையாது. கப் வேண்டுமா, துணி போதுமா என்பதை அந்தப் பெண் முடிவு செய்யட்டும். வேண்டாம் என்பவளை வற்புறுத்துவதும் தப்பு.

ஒரு நாப்கின் ஒரு மணி நேரத்தில் நனைந்துபோய், அதுவும் தொடர்ந்து அப்படியே இருந்தால், அல்லது ஏழெட்டு நாளைத் தாண்டியும் நிற்காவிட்டால், மருத்துவரிடம் காட்ட வேண்டும். 'எனக்கும் அப்படித்தான் இருந்தது' என்று பெரியவர்கள் அடக்கிவிட வேண்டாம். இரத்தசோகை அப்படித்தான் சத்தமில்லாமல் வருகிறது.

நம் வயதுப் பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டு பட்டாலும் அது சாதாரணம் இல்லை. பெரும்பாலும் சிறு காரணமாக இருக்கும், சில சமயம் கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாக்க வாய்ப்பு அதிகம். என் தோழி ஒருத்தி அறுபத்து மூன்று வயதில், மருமகளுக்குத் தெரிந்துவிடுமே என்று ஐந்து மாதம் துணியை ஒளித்து ஒளித்துத் துவைத்திருக்கிறாள். பன்னிரண்டு வயதில் கற்றுக்கொண்ட மறைப்பு கடைசிவரை விடவில்லை. மருத்துவரிடம் போனபோது நோய் முற்றியிருந்தது.

மொட்டை மாடிக் கொடியில், மற்றத் துணிகளோடு வெயில் படும்படி அந்தத் துணிக்கும் ஓர் இடம் கொடுங்கள். கழிப்பறையில் மூடியுள்ள ஒரு கூடை வையுங்கள். மளிகைச் சீட்டில் அரிசி, பருப்போடு நாப்கினையும் எழுதி, தாத்தாக்களே கடையிலிருந்து வாங்கி வாருங்கள். கடைக்காரர் அதைக் கறுப்புப் பையில் போட்டுத் தந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.